உன் இடுப்பில் கரண்டு, என் தொடையில் கரண்டு

என் கூடப்பிறந்த ஏழுமலை அண்ணனுக்கு,

ஆசை பாதியும் ஆத்திரம் பாதியுமாக உன் தங்கச்சி கோமதி எழுதுவது. நீ போய்ச் சேர்ந்த இடத்துக்குத் தபால் வருமோ வராதோ, அது எனக்குத் தெரியாது. உன்னிடம் வாய் வலிக்கச் சண்டை போடாமல் எனக்குச் சோறு இறங்காது, அது மட்டும் தெரியும்.

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் கிட்னி போய்விட்டது, அண்ணா. உனக்கு வந்த மாதிரியேதான். முகம் ஊதியது, பிறகு கால் வீங்கியது, பிறகு எதைத் தின்றாலும் குமட்டல். சத்துணவு அமைப்பாளர் வேலையில் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சோறு போட்டு ரிட்டையராகி, இனிமேலாவது காலை நீட்டி உட்காரலாம் என்றிருந்தேன். நீட்டிப் படுக்கவே வைத்துவிட்டார்கள். கள்ளக்குறிச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் மிஷினுக்குப் பக்கத்தில் கிடக்கிறேன். வாரத்தில் பாதி இங்கேயே போய்விடுகிறது.

இங்கே புதிதாக ஒரு பிசியோதெரபிப் பெண் வந்திருக்கிறாள். என் ரத்தம் குழாய் வழியாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே தொடை இரண்டிலும் பசை போட்ட பட்டைகளை ஒட்டி, ஒரு சின்னப் பெட்டியைத் திருப்பினாள். சுருக்கென்று கரண்டு ஏறியது. தொடைச்சதை தானாகத் துள்ளியது. எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது. "இது கிட்னிய எழுப்புமாம்மா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. கிட்னிக்கு இதுல ஒண்ணும் ஆவாது. படுத்தே கெடந்தா கால்ல சதை கரைஞ்சிடும். நாலடி நடக்கவாவது தெம்பு வேணும்ல, அதுக்குத்தான்" என்றாள்.

அவள் அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டாள். நான் அழுதேன். வலிக்கிறதென்று நினைத்து அவள் பெட்டியைக் குறைத்து வைத்தாள். இப்படி ஒரு வார்த்தையை எங்களுக்கு அன்றைக்குச் சொல்ல ஆளில்லையே என்று அவளிடம் எப்படி விளக்குவேன்?

சொல்ல ஆளில்லை என்றுதான் இந்த மாதம் வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆள் இருந்திருக்கிறது. நீயே இருந்திருக்கிறாய்.

இடஒதுக்கீடு கேட்டு ரோடெல்லாம் மரத்தை வெட்டிப் போட்ட வருஷம் உனக்கு மறந்திருக்காது. மெட்ராஸ் டாக்டர் அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் உன்னைப் பார்த்துவிட்டு, கூடப்பிறந்தவர்கள் யாராவது ஒரு கிட்னி கொடுத்தால் பிழைக்க வழியிருக்கிறது என்றார். அவர் முடிப்பதற்குள் நான் கையைத் தூக்கினேன். அம்மா முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அப்பா மட்டும் என் தலையில் கை வைத்து, போய்க் கொடும்மா என்றார். எனக்கு டெஸ்ட் எடுக்க நாள் குறித்துக் கொடுத்தார்கள்.

அந்த நாளுக்கென்று எலவனாசூர்கோட்டையிலிருந்து பஸ் ஏறினோம், நீ, அண்ணி, நான். உளுந்தூர்பேட்டைக்கு இந்தப் பக்கமே பஸ் நின்றுவிட்டது. ரோட்டுக்குக் குறுக்கே புளியமரம். அது விழும்போது கம்பத்துக் கம்பியையும் சேர்த்து இழுத்துப் போட்டிருந்தது. உனக்கு மூச்சு வாங்குகிறது, காலில் செருப்பு நுழையவில்லை. நீ என்ன செய்தாய்? மறியல் பையன்களைப் பார்த்து, கம்பிப் பக்கம் ஒருத்தனும் போகக்கூடாது என்று கத்திக்கொண்டு இறங்கி, ரோட்டோரக் கல்லில் காவல் உட்கார்ந்துகொண்டாய். லைன்மேன் உத்தியோகம் உன் ரத்தத்தில் ஊறியிருந்தது.

"கேக்குறது நாயம்தான்டா. மரம் இன்னாடா பண்ணுச்சு?" என்று அவர்களைத் திட்டினாய். அவர்களும் சிரித்துக்கொண்டே உனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். கரண்டு ஆபீஸ் ஆட்கள் வந்து லைனை நிறுத்தும்வரை நீ எழுந்திருக்கவில்லை. மெட்ராஸுக்குப் போக முடியவில்லை. வந்த வழியே திரும்பி நடந்தோம். நடந்தோம் என்றா சொன்னேன்? நாங்கள் நடந்தோம், உன்னை யாரோ ஒருவருடைய மாட்டுவண்டியில் ஏற்றிவிட்டோம்.

ரோடு திறப்பதற்குள் வீட்டில் வேறு பேச்சு கிளம்பிவிட்டது. கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் போகிற வழியில், ஒருவர் கரண்டு பெட்டி வைத்துக் கிட்னிக்கு வைத்தியம் பார்க்கிறாராம். தூங்குகிற கிட்னியைத் தட்டி எழுப்பிவிடுவாராம். அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணம் ஆகாத பெண்ணின் வயிற்றைக் கீறாமல் மகன் பிழைத்தால் எந்தத் தாய்க்குத்தான் கசக்கும்? அப்பாவுக்கு அதில் நம்பிக்கையில்லை. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள். கடைசியில், மாரியாத்தாளைக் கேட்டுவிடலாம், பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்று ஆனது. நந்தியாவட்டை வந்தால் மெட்ராஸ். செவ்வரளி வந்தால் மலை.

நம் ஊர் வழக்கப்படி பூசாரிதான் பூவை மடிக்க வேண்டும். யாருக்காகக் கேட்கிறோமோ அவர் தொடவே கூடாது. பூசாரியோ மறியலுக்குப் போன இடத்தில் போலீஸ் பிடித்து உள்ளே இருந்தார். ஆளாளுக்கு முழித்தோம். நீ சிரித்துக்கொண்டு, நான் மடிக்கிறேன், இந்தச் சமயத்தில் ஆத்தா கணக்குப் பார்க்கமாட்டாள் என்றாய். சாகப்போகிற பிள்ளை கேட்கிறான், யார் மறுப்பது? கோயிலுக்குப் பின்னால் போய் வாழையிலைத் துண்டுகளில் இரண்டு பொட்டலமாக மடித்துக்கொண்டு வந்து வைத்தாய். பக்கத்து வீட்டுக் குழந்தை ஒன்றை எடுத்தது. செவ்வரளி.

அம்மா தரையில் விழுந்து கும்பிட்டாள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். எனக்கு ஏமாற்றமா நிம்மதியா என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை.

அப்புறம் மலை. கச்சிராயபாளையத்தில் இறங்கி ஜீப்பில் தொற்றிக்கொண்டு போவோம். வைத்தியர் உன்னைக் குப்புறப் படுக்கவைத்து, ஈரத்துணி சுற்றிய செப்புத் தகடுகளை இடுப்புக்கு இரண்டு பக்கமும் வைத்துக் கட்டுவார். லாரி பேட்டரியிலிருந்து ஒயர் வந்து அவருடைய மரப்பெட்டிக்குள் போகும். குமிழைத் திருப்பினால் உன் முதுகுச்சதை துடிக்கும். அவர் என்னைக் கூப்பிட்டு, பாரும்மா, கிட்னி முழிச்சுக்குது என்பார். நான் பைத்தியக்காரி, கிட்னிதான் துடிக்கிறதென்று நம்பி அந்த இடத்தைத் தொட்டுப் பார்ப்பேன். நீ முகத்தைத் தலையணையில் புதைத்தபடி குலுங்குவாய். வலி என்று நினைத்தேன். சிரித்தாயா, அண்ணா?

"கம்பத்துல ஏறி எறங்குனவன் நானு. என்னை இந்தக் கரண்டு இன்னா பண்ணும்?" என்று ஜீப்பில் கேலி பேசிக்கொண்டு வருவாய். நான் உன் தொடையில் அடிப்பேன், வாய மூடு, நம்பிக்கை இருந்தாத்தான் கேக்கும் என்று. வீங்கின காலில் என் விரல் பதிந்த குழி அப்படியே நிற்கும். அதையும் பார்த்துக்கொண்டுதான் நம்பினேன்.

மழை பிடித்த ஒருநாள் இறங்கும்போது உனக்கு மூச்சு முட்டியது. கச்சிராயபாளையம் வந்து சேருவதற்குள் நீ போய்விட்டாய். அண்ணி மடியில் தலை, என் மடியில் கால். டிரைவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். ஆத்தா சொல்லித்தானே வந்தோம், ஆத்தா இப்படிப் பண்ணலாமா என்று நான் அலறினேன். அண்ணி ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்குப் பேச்சு நின்றுவிட்டதென்று நினைத்தேன்.

இப்போது வனிதாவுக்கு வருகிறேன். என் மகளை உனக்குத் தெரியாது. நீ போய் வெகுநாள் கழித்துப் பிறந்தவள். கள்ளக்குறிச்சியில் துணிக்கடையில் வேலை, ஒரு பையன் பள்ளிக்கூடம் போகிறான். எனக்கு இப்படி ஆனதும், என் கிட்னியைக் கொடுக்கிறேன் என்று நிற்கிறாள். டாக்டர் கேட்டு முடிப்பதற்குள் கையைத் தூக்கினாள் பாவி, என்னை மாதிரியே. வாங்கவும் மனசில்லை, சாகவும் மனசில்லை எனக்கு. அன்றைக்கு வீட்டுக்கு வந்திருந்த அண்ணியிடம், பூக்கட்டிப் பார்த்துவிடலாமா என்று கேட்டேன்.

அண்ணி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். அவளுக்கு வயசாகிவிட்டது, குரல் நடுங்குகிறது.

"பூவும் வேணாம் ஒண்ணும் வேணாம் கோமதி. அன்னிக்கு ரெண்டு பொட்டணத்துலயும் செவ்வரளிதான் இருந்துச்சு" என்றாள்.

குழந்தை எடுக்காத பொட்டலத்தை ஆற்றில் விடப் போனபோது பிரித்துப் பார்த்திருக்கிறாள். உன்னிடம் கேட்டு, மண்ணைவாரித் தூற்றாத குறையாகச் சண்டை போட்டிருக்கிறாள். நீ அவளிடம் சொன்னதை அப்படியே சொன்னாள். "கல்யாணம் ஆவாத பொண்ணு. ஒண்ண அறுத்து எடுத்துட்டு அவள யார் தலையில கட்டுறது? மெட்ராஸுக்குப் போனா கொடுத்தே தீருவா. மலைக்குப் போனா நாலு பேருக்கும் மனசு ஆறும்." அந்தக் கரண்டு உன்னை எழுப்பாதென்று உன்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? தெரிந்தே போய்ப் படுத்தாய். அவள் தாலியின் மேல் சத்தியம் வாங்கினாயாமே. உனக்கு நெஞ்சில் ஈரமே இல்லையா? உன் தங்கச்சியைக் காப்பாற்ற உன் பெண்டாட்டியின் வாயைக் கட்டிவிட்டுப் போயிருக்கிறாய். இத்தனை காலம் அவள் அதைச் சுமந்துகொண்டு என் முகத்தைப் பார்த்திருக்கிறாள். நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் என் தலையைத் தடவினாள்.

இத்தோடு முடிந்திருந்தால் உன்னைத் தெய்வம் என்று கும்பிட்டுவிட்டுப் போயிருப்பேன். டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா? இது பரம்பரை நோய், கிட்னி முழுக்க நீர்க்கட்டிகள், உங்கள் அண்ணனுக்கும் இதுவாகத்தான் இருந்திருக்கும் என்றார். அன்றைக்கு நான் மெட்ராஸ் போயிருந்தால், ஸ்கேனில் பார்த்துவிட்டு, உன் கிட்னி ஆகாது போம்மா என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள். நீ ஒளித்து ஒளித்துக் காப்பாற்றிய பொருள் அன்றைக்கே சொத்தை, அண்ணா. ஆனால் எனக்கும் வரும் என்று அன்றைக்கே தெரிந்திருக்கும். பிரஷரைப் பார்த்திருப்பேன், உப்பைக் குறைத்திருப்பேன், தலைவலிக்கு வாங்கி வாங்கி மாத்திரை போட்டிருக்கமாட்டேன். இன்னும் கொஞ்ச காலம் ஓடியிருக்கும் என்று டாக்டர் சொல்கிறார். உன் பாசம் உன்னையும் பிழைக்கவைக்கவில்லை, என்னையும் பிழைக்கவைக்கவில்லை. இதை யாரிடம் போய் முறையிடுவது?

இன்று காலையில் வனிதாவின் ஸ்கேன் வந்தது. பையனைப் பள்ளிக்கூடத்தில் விட அவள் போயிருந்த நேரம். டாக்டர் என் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தபோதே புரிந்துவிட்டது. அவளுக்கும் இருக்கிறது. இப்போது சின்னதுதான், வளரும். எனக்குக் கொடுக்க அவளிடம் ஒன்றும் இல்லை. அவளுக்குக் கொடுக்க நம் வம்சத்தில் யாரிடமும் இல்லை. நானே சொல்கிறேன் சார் என்று அவரை அனுப்பிவிட்டேன்.

அவர் போனதும் என் வாயில் முதலில் எது வந்தது தெரியுமா? ரத்தம் சேரலியாம்மா, வுட்டுடு, என்று ஒரு பொய். எவ்வளவு வழுவழுப்பாக வந்தது! அவள் அழமாட்டாள், ராத்திரி தூங்குவாள், பையனோடு சிரிப்பாள். கையில் பொட்டலத்தை வைத்துக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் நீ நின்றது எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. உன்மேல் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. விளங்கியது, அவ்வளவுதான்.

அதனால் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இந்த மிஷின் என்னை அதிக நாள் இழுக்காது, கால் சதைக்கு வைக்கிற கரண்டு காலோடு சரி. அதெல்லாம் எனக்குத் தெரியும். சாயங்காலம் இட்லி தூக்கைக் கையில் பிடித்துக்கொண்டு வனிதா வருவாள். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொண்டு, உனக்கும் இருக்குடி என்று நான் சொல்லிவிடுவேன்.

உன் கூடப்பிறந்த தங்கச்சி,
கோமதி