பொதுஜனத்தின் குதிகால்

டாலா,
3-2-1926

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி செல்லையா எழுதுவது. சுகமாயிருக்கிறேன். ஆற்றைக் கடந்து வரும் சம்பான் படகுக்காரனிடம் நீ கொடுத்தனுப்பிய கருவாடு வந்து சேர்ந்தது.

டிராமைக் கம்பெனியிடமிருந்து முனிசிபாலிட்டி எடுத்துக்கொள்ளலாமா என்று ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டுப் பொதுஜன அபிப்பிராயம் கேட்கிறார்கள். ரங்கூன் தெருவில் ஓடும் வண்டிக்கு லண்டனில் இருப்பவன் எதற்கு முதலாளி? அந்த வண்டியை ஓட்டுகிற அத்தானும் வந்து கை தூக்க வேண்டும். சொல்லி வை.

உன் தம்பி,
செல்லையா

ரங்கூன்,
5-2-1926

தம்பி செல்லையாவுக்கு,

அத்தான் வருவார். ஆனால் நீ நினைக்கிற மாதிரி இல்லை. "காக்கியைக் கழட்டிட்டு லுங்கி கட்டிக்கிட்டு வா. முனிசிபாலிட்டி ஆளு பேசினா சத்தம் போட்டு அமுக்கணும்" என்று இன்ஸ்பெக்டர் உத்தரவு. மறுத்தால் வேலை போகும். வேலை போனால் கம்பெனி லயனில் இந்த அறையும் போகும். எனக்கு இது ஏழாம் மாதம். அங்கே அவரைப் பார்த்தாலும் பார்க்காதவன் மாதிரி இரு. ஒரு நாளாவது வாயை மூடிக்கொண்டிரு, ராசா.

அக்கா தங்கமணி

டாலா,
8-2-1926

அக்கா,

என்னால் முடியவில்லை. முனிசிபாலிட்டி பக்கம் நம் ஆள் பேச எழுந்ததும் முன்வரிசை முழுக்க வலது குதிகாலால் தரையை மிதித்தது. டக், டக், டக். தண்டவாளத்தில் மாடு நின்றால் டிராம் ஓட்டுகிறவர்கள் கால்மணியை மிதிப்பார்களே, அதே மிதி. வேறு எவனுக்கு அப்படிச் சத்தம் போடத் தோன்றும்? "இது பொதுஜனம் இல்லய்யா, டிராம் டிரைவருங்க! காலைப் பாருங்க!" என்று பின்னாலிருந்து கத்திவிட்டேன். கூட்டமே சிரித்தது. அத்தான் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். திரும்பவே இல்லை.

கம்பெனி வேஷம் கலைந்தது. இனி ஜெயம்தான். கோபித்துக்கொள்ளாதே.

செல்லையா

ரங்கூன்,
20-2-1926

செல்லையாவுக்கு,

டிராம் கம்பெனிக்கே என்று முடிவாகிவிட்டது. பொதுஜன அபிப்பிராயம் அதுதான் என்று பத்திரிகையில் போட்டிருக்கிறதாம். "நாங்க யாரையும் அனுப்பல, அவங்களாப் போனாங்க" என்று சொல்லி, முன்வரிசையில் இருந்தவர்களைக் கம்பெனி வேலையை விட்டு நிறுத்திவிட்டது.

அதற்கு முன் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "கத்தினவன் யாருன்னு சொல்லு, வேலையில இரு" என்றார்களாம். நீ வேலை பார்க்கிற டாக்யார்டு துரையும் இந்த டிராம் துரையும் ஒரே கிளப்பில் குடிக்கிறவர்கள்; உன் பெயர் வந்திருந்தால் உன் வேலையும் போயிருக்கும். அத்தான், "தெரியாது துரை" என்றாராம். நான் கேட்டதற்கும், "யாரோ ஒரு பய" என்றார். உன் குரல் அவருக்குத் தெரியாதா?

நாளை லயனைக் காலி செய்கிறோம். வடக்கே மாவ்பி ஊர்ச் சந்தையில் மூட்டை தூக்க ஆள் வேண்டுமாம். ரயிலடிக்கு வராதே. வந்தால் அவர் உன்னிடம் சிரித்துத்தான் பேசுவார். அதைப் பார்க்க என்னால் ஆகாது.

தங்கமணி