எட்டடிக் கூடு

வான் பியூரன், மேன்
பிப்ரவரி 16, 2004

அன்புள்ள டார்லீன் அக்காவுக்கு,

இங்கே நான், இர்மா சித்தி, சித்தியின் முழங்கால் வலி, மூவரும் நலம். அங்கே நீயும் நம் வண்டியும் நலமா?

போன் பண்ணு, போன் பண்ணு என்கிறாய். ரிசீவரைக் காதில் வைத்ததுமே கீழே வைத்துவிடுகிறேன். காகிதத்தில்தான் எனக்கு வாய் இருக்கிறது. பொறுத்துக்கொள்.

ஒரு முக்கியமான சேதி. லூசியன் பெல்தியே மாமாவின் கொட்டகைக்குப் பின்னால் பழைய வண்டிக்கூடு ஒன்று கிடக்கிறது. வெள்ளை ஃபைபர். நம் பிக்கப் வண்டியின் பின்தொட்டிமேல் கவிழ்த்துவிட்டால் பின்னால் ஒரு சின்ன அறையே வந்துவிடும். நான் மூன்று நாள் அந்தப் பக்கமாக நடந்து பார்த்தேன். நான்காம் நாள் மாமா வெளியே வந்துவிட்டார்.

"என்னம்மா, கூட்டப் பாக்க வந்தியா, இல்ல என்னையா? என்னப் பாக்கன்னா வேலிக்கு உள்ள வந்து பாரு."

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. கையை நீட்டிக் கூட்டைக் காட்டினேன். நூற்று இருபது டாலர் என்றார்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். இடது ஜன்னலில் கண்ணாடி இல்லை, பலகை அடித்திருக்கிறார். உள்ளே குளவிக்கூடு, காய்ந்தது. பின்கதவைத் தூக்கினால் தானாக நிற்காது, துடைப்பக்கட்டையை முட்டுக்கொடுக்க வேண்டும். ஆனால் கூரையில் ஒரு விரிசல்கூட இல்லை. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டேன். மாமா வீட்டில் இல்லாத நேரத்தில்தான்.

போன ஆகஸ்டில் புளூபெர்ரி வயலோரம் வண்டித்தொட்டியில், தார்ப்பாய்க்கு அடியில் நனைந்துகொண்டு கிடந்தோமே, நினைவிருக்கிறதா? காலையில் உன் காலணிக்குள் இருந்து தண்ணீரைக் கொட்டினாய். மே மாதம் நீ வண்டியோடு வந்ததும் கிளம்பிவிடலாம். ஜூனில் ஸ்ட்ராபெர்ரி, பிறகு செர்ரி, பிறகு ஆப்பிள். பேசுவதெல்லாம் நீ, இரண்டு ஆளுக்குப் பறிப்பது நான். நான் பள்ளியை விட்டு நின்ற அன்று நீ சொன்னது அதுதானே. அதை நினைத்துத்தான் உருளைக்கிழங்குக் கிடங்கில் ஓடும் பெல்ட் முன்னால் நின்று நாள் முழுக்க அழுகல் கிழங்கைப் பொறுக்கிப் போடுகிறேன்.

சித்திக்கு இதில் இஷ்டமில்லை. "வண்டி வயோமிங்ல, கூடு மேன்ல. நடுவுல நீ ஒரு பைத்தியம்" என்கிறாள்.

வாங்கட்டுமா? நீ சொன்னால் வாங்குகிறேன்.

உன் வாயில்லாத தங்கை,
ரெனா

---

ஜில்லெட், வயோமிங்
மார்ச் 1, 2004

என் செல்ல வாயில்லாப் பூச்சிக்கு,

உன் கடிதத்தை இடைவேளையில் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று படித்தேன். நீ வாளியோடு அந்தக் கூரைமேல் ஏறி நின்றதை நினைத்து ஒரே சிரிப்பு. கர்ட்டிஸ், சுரங்கத்தில் வேலை பார்ப்பவர், எங்கள் கடைக்குத் தினமும் சாப்பிட வருவார், "என்ன, தனியா சிரிக்கிற?" என்று கேட்டார். "என் தங்கச்சி ஒரு வீடு பாத்து வச்சிருக்கா" என்றேன்.

இங்கே குளிர் நம் ஊரையே தோற்கடிக்கிறது. காலையில் வண்டிமேல் உள்ள பனியைத் தட்டுவதற்குள் விரல் மரத்துப்போகிறது. ஆனாலும் அப்பாவின் வண்டி அப்பா மாதிரியேதான், கொஞ்சம் இருமிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடும். கவலைப்படாதே.

கூடு விஷயத்தில் அவசரம் வேண்டாம் கண்ணே. கண்ணாடி இல்லை, கதவு நிற்காது என்கிறாய். அதைவிட நல்லதாக வழியில் கிடைக்கலாம். மே மாதம் வர முடியுமா என்றும் பார்க்க வேண்டும், ஜூன் ஆனாலும் ஆகலாம். முதலாளி விடுப்பு என்றாலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறான்.

சித்தி பக்வீட் மாவில் சுடும் தோசைக்கு நாக்கு ஏங்குகிறது. என் பங்கையும் நீயே சாப்பிடு. இளைத்துப்போகாதே.

முத்தங்களுடன்,
உன் அக்கா டார்லீன்

---

வான் பியூரன்
மார்ச் 11, 2004

அன்புள்ள அக்கா,

ஜூன் என்றால் ஜூன். ஸ்ட்ராபெர்ரி போனால் போகட்டும், செர்ரிக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம்.

ஆனால் கூடு காத்திருக்காது போலிருக்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூ பிரன்ஸ்விக்கிலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். மாமா எனக்காக ஈஸ்டர் வரை பொறுக்கிறேன் என்றார். அதிலும் ஒரு நிபந்தனை வைத்தார்.

"இது எட்டடிக் கூடு. உங்க வண்டித்தொட்டி என்ன நீளம்?"

நான் எட்டு விரலைக் காட்டினேன்.

"எட்டடின்னு எல்லாரும்தான் சொல்லுவான். வீட்டுக்குக் கொண்டுபோய் வச்சா நாலு இஞ்ச் நொண்டும். அப்புறம் என் வாசல்ல வந்து நிப்பான். டேப் வச்சு அளந்து, எழுதிக் கொண்டா. எழுத்துல இல்லாட்டி நான் விக்க மாட்டேன்."

அதனால் நீ தயவுசெய்து அளந்து அனுப்ப வேண்டும். நினைவிலிருந்து எழுதாதே. தொட்டிக்குள் இறங்கி, முன்சுவரிலிருந்து மூடிய பின்கதவு வரை உள்பக்கமாக. அகலம், இரண்டு பக்கத்து விளிம்பின் வெளியோரத்திலிருந்து வெளியோரம். பனி இருந்தால் தட்டிவிட்டு அள.

நான் இப்போதே ஜன்னல் பலகைக்குப் பதிலாகப் போட ஒரு கண்ணாடி பார்த்து வைத்திருக்கிறேன். உள்ளே உன் பக்கம் சுவரோரம், என் பக்கம் கதவோரம். நீ இரவில் உதைப்பாய் என்று தெரியும், நடுவில் பெட்டியை வைத்துவிடலாம்.

கிடங்கில் மேற்பார்வை பார்க்கும் ரீட்டா, "மே மாசத்துக்கு மேல நீ இருப்பியா, வேற ஆள் பாக்கணுமா?" என்று கேட்டாள். "ஆள் பாருங்க" என்றேன், அக்கா. வாயால் சொன்னேன்.

அளவுக்காகக் காத்திருக்கும்,
ரெனா

---

ஜில்லெட்
மார்ச் 22, 2004

அன்புக் கண்ணே,

இரண்டு வேளை வேலை, கால் வீங்கிவிட்டது. அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

நீ கேட்ட அளவை எடுத்துவிட்டேன். நீளம் ஐந்தடி ஏழு அங்குலம். அகலம் ஐந்தடி ஐந்து. பார்த்தாயா, அந்தக் கூடு இரண்டரை அடி நீளம் அதிகம். பின்னால் வால் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். எனக்கும் வருத்தம்தான். ஆனால் வாங்கி ஏமாறுவதைவிட இப்போதே தெரிந்தது நல்லதுதானே. லூசியன் மாமாவிடம் நன்றி சொல்லி, அந்த நியூ பிரன்ஸ்விக்காரருக்கே கொடுத்துவிடச் சொல்.

கிடங்கு வேலையை அவசரப்பட்டு விடாதே. ரீட்டாவிடம் இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறேன் என்று சொல்லிவிடு.

உனக்கு ஈஸ்டருக்கு ஒரு சின்ன பார்சல் அனுப்பியிருக்கிறேன். பச்சை ஸ்வெட்டர், உன் கண்ணுக்கு நன்றாக இருக்கும்.

உன் அக்கா
டார்லீன்

---

வான் பியூரன்
ஏப்ரல் 1, 2004

டார்லீன் அக்காவுக்கு,

உன் கடிதம் வந்ததும் பிரித்துப் படித்துவிட்டு அழுதேன். கூடு போய்விட்டதே என்றுதான் அழுதேன். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. நீ எழுதினால் அது சரியாகத்தான் இருக்கும்.

அந்தத் தாளை அப்படியே லூசியன் மாமாவிடம் கொண்டுபோய் நீட்டினேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தார். மறுபடியும் படித்தார்.

"உங்கப்பா வண்டி ரெண்டு கதவுதானே?"

தலையாட்டினேன்.

"இது நாலு கதவு வண்டி அளவும்மா. பின்னால பிள்ளைகுட்டிய ஏத்திக்க இன்னொரு சீட்டு வைப்பான் பாரு, அதுக்கு எடம் வேணும்னு தொட்டிய வெட்டிருவான். ஊருல ஓடுற எந்த ரெண்டு கதவு வண்டித்தொட்டியும் இவ்வளவு குட்டையா இருக்காது. உங்கக்கா வேற எவன் வண்டியையோ அளந்திருக்கா."

நான் அங்கேயே பனியில் உட்கார்ந்துவிட்டேன். மாமா கொட்டகைக்குள் போய் எதையோ தேடுகிற மாதிரி உருட்டிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர்.

அக்கா, நான் ஐந்தடி ஆறு. அந்தத் தொட்டியில் கால் நீட்டிப் படுத்திருக்கிறேன். கால்மாட்டில் நம் பெட்டி இருந்தது, அதற்கும் அப்பால் நீ சமைக்கும் அடுப்பு இருந்தது. ஐந்தடி ஏழில் அதெல்லாம் எங்கே இருந்தது?

உன் பழைய கடிதங்களை எல்லாம் எடுத்து வரிசையாக வைத்தேன். கிறிஸ்துமஸுக்கு எழுதியதில் வண்டிக்குப் புது பாட்டரி போட்டாய். ஜனவரியில் வழுக்கிப் பள்ளத்தில் இறங்கியது, யாரோ கயிறு கட்டி இழுத்தார்கள். மார்ச்சில் பனி தட்டினாய், விரல் மரத்தது. இதில் எந்த வண்டி நம்முடையது?

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அப்பா போனபின் வண்டியை நம் பேருக்கு மாற்ற நகர அலுவலகத்துக்குப் போனோமே. ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அந்த அம்மாள் கேட்டாள், "டார்லீன் சிர், ரெனா சிர். நடுவுல 'மற்றும்' போடவா, 'அல்லது' போடவா?" என்ன வித்தியாசம் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீதான் கேட்டாய். "'மற்றும்'னா எதுக்கும் ரெண்டு பேரும் வந்து கையெழுத்துப் போடணும். 'அல்லது'ன்னா யாராவது ஒருத்தர் போதும்" என்றாள். நீ என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாய். "'அல்லது' போடுங்க. இவ ஆபீஸ் வாசலக் கண்டாலே ஓடிருவா."

எனக்கு அன்றைக்கு உன்மேல் அவ்வளவு அன்பு வந்தது. இனி இந்த ஜன்னலுக்கு வரவே வேண்டாம் என்று.

எப்போது விற்றாய்? அதை மட்டும் எழுது.

ரெனா

---

ஜில்லெட்
ஏப்ரல் 8, 2004

ரெனா, என் தங்கமே,

உன் கடிதம் கிடைத்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. சொல்ல வேண்டும், சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். ஒவ்வொரு முறையும் நீ செர்ரி, ஆப்பிள் என்று எழுதிவிடுகிறாய். எப்படிச் சொல்வேன்?

நவம்பரில் விற்றேன். அப்போது எனக்குத் தங்க இடமில்லை. கர்ட்டிஸ் வீட்டுக்கு வரச் சொன்னார், நல்ல வீடு, நானும் கையில் ஏதாவது பணம் கொண்டுவர வேண்டாமா? அவர் வண்டி இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்றார், அதுவும் நியாயம்தான். சட்டப்படி நான் செய்ததில் தப்பில்லை. 'அல்லது' என்றுதானே இருக்கிறது. நீயும் பக்கத்தில்தானே நின்றாய்.

அளவு விஷயத்தில் நான் உன்னைக் கேலி செய்யவில்லை. நீ கூட்டை வாங்கிவிடக் கூடாதே என்றுதான் செய்தேன். என்ன எண் எழுதுவது என்று தெரியாமல் வாசலில் நின்ற கர்ட்டிஸின் வண்டியை அளந்தேன். உனக்கு இவ்வளவு தெரியும் என்று நான் நினைக்கவில்லை.

கோபம் தணிந்ததும் பேருந்தில் ஏறி இங்கே வந்துவிடு. கர்ட்டிஸிடம் பேசிவிட்டேன். அவர் மகள் கேலாவுக்கு நான்கு வயது. பகலில் அவளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறோம். சலவை மிஷின் வைத்திருக்கும் அறையில் ஒரு கட்டில் போடலாம். அந்நிய மனிதர்கள் யாரோடும் நீ பேச வேண்டியதே இல்லை. உனக்கு ஏற்ற வேலை. "பேசாத பொண்ணா? ரொம்ப நல்லது, உடனே வரச் சொல்லு" என்று அவரே சிரித்தார்.

நீ வந்தால் எல்லாம் சரியாகிவிடும். ஒரு வார்த்தை எழுது.

அழுதுகொண்டே,
உன் டார்லீன்

---

வான் பியூரன்
ஏப்ரல் 19, 2004

டார்லீனுக்கு,

நான் வரவில்லை.

ஸ்வெட்டரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். போட்டுப் பார்க்கவில்லை.

நவம்பரில் எனக்கு எழுதியிருந்தால் அழுதிருப்பேன், அப்புறம் சரி என்றும் சொல்லியிருப்பேன். உனக்கு அது தெரியும். குளிருக்கு இடமில்லை என்று ஒரு வரி போதுமே. அதற்குப் பதிலாக, இல்லாத வண்டிமேல் ஐந்து மாதம் பனி பெய்ய வைத்தாய். நான் இங்கே அந்தப் பனியை நினைத்து, உனக்குக் கையுறை பின்னிக்கொண்டிருந்தேன்.

வாசல் வண்டியை அளந்தபோது யாருக்கு எழுதுகிறோம் என்று நினைத்தாயோ, அந்த ஆள் நான்தான். பேசாதவள், அதனால் ஒன்றும் தெரியாதவள் என்று நினைத்தாய்.

ரீட்டா வேறு ஆள் வைத்துவிட்டாள். நேற்று நானே போய், "எனக்கு வேலை வேணும், வேற எடமா இருந்தாலும் பரவால்ல" என்று கேட்டேன். பாதி வார்த்தை உள்ளேயே நின்றுவிட்டது, மீதியை அவள் புரிந்துகொண்டாள். மூட்டை தைக்கிற இடத்தில் மதிய ஷிப்ட் கொடுத்திருக்கிறாள். அங்கே பெல்ட்டைவிடச் சத்தம் அதிகம், கத்தித்தான் பேச வேண்டும்.

நியூ பிரன்ஸ்விக்காரர் சனிக்கிழமை வந்தார். லூசியன் மாமா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "உனக்குன்னு வச்சிருந்தேன். வேணும், வேணாம், ஒன்ன உன் வாயால சொல்லு. தலையாட்டினா நான் கணக்குல எடுத்துக்க மாட்டேன்."

"வேணாம் மாமா" என்றேன்.

வந்தவருக்கு என்னைப் பார்த்துச் சங்கடமாகிவிட்டது. "உன் வண்டி என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார். நான் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். பழக்கம். எனக்காகப் பேச யாரும் அங்கே இல்லை.

"எங்க அக்கா வித்துட்டா. எங்கிட்ட சொல்லல."

இதைச் சித்தியிடம்கூட நான் அதுவரை சொல்லவில்லை. பிறகு கூட்டைத் தூக்கப் போனோம்.

அதைத் தூக்க நான்கு பேர் வேண்டும். மாமா, வந்தவர், அவருடைய மைத்துனர். நான்காவது மூலையை நான் பிடித்தேன். வந்தவருடையதும் பழைய இரண்டு கதவு வண்டிதான். தொட்டியின் விளிம்பில் இறக்கி, ஒரு அங்குலம் முன்னால் தள்ளி, உள்ளே ஏறிக் கூட்டைப் பிடிக்கும் கிளாம்ப்களை நானே முறுக்கினேன். பிறகு இறங்கிப் பின்கதவை மூடிப் பார்த்தேன்.

சரியாகப் பொருந்தியது.

இனி எனக்கு எழுதாதே. எழுதினால் பிரிக்காமல் திருப்பி அனுப்பச் சொல்லித் தபால் அலுவலக ஜன்னலில் நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

ரெனா சிர்