சுனைநாட்டு வசந்தம்

இன்று கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நின்றபோது, முன்னால் நின்ற பெண்ணின் தலையிலிருந்து செண்பகப் பூ மணத்தது. உடனே உன் மெட்டு காதில் கேட்டது. ஒத்திகைக்கு நீ செண்பகம் வைத்துக்கொண்டுதான் வருவாய்.

நாம் இருவரும் ஒரே ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்த காலம். ஆபீஸ் தமிழர்கள் நடத்திய ஆண்டுவிழாவுக்குக் குழந்தைகளை வைத்து நாட்டிய நாடகம் போட்டோம். கதை உன்னுடையது. சுனைநாடு என்று ஒரு தேசம். அங்கே மரங்கள் தண்ணீருக்கு அடியில் வளரும். வசந்தம் வந்தால் பூக்கள் மட்டும் மேலே வந்து விரியும். அதற்கு நீ போட்ட மெட்டு கீழே மூச்சடக்கிக் கிடந்து, ஒவ்வொரு சுரமாக ஏறி, மேலே வந்ததும் அவிழும். ஆர்மோனியம் வாசித்த எனக்கு உடம்பு சிலிர்த்தது. கூடவே சந்தேகமும் வந்தது. பதினோரு வருஷம் பாட்டுக் கற்றவள் நான். ஒரு நாள்கூடக் கற்காத உனக்கு இது எப்படி?

"எங்கேருந்துடீ எடுத்தே?" என்றேன்.

"எடுக்கலை. தானா வந்தது" என்றாய். சொந்த ஊரைக் கேட்டாலும் "திருநெல்வேலிப் பக்கம்" என்பதற்குமேல் பேச மாட்டாய்.

விழாவுக்குப் பத்து நாள் முன்பு பொன்முடி மலைக்குப் போனேன். வழியில், அடிவாரத்து வித்துராவில் பஸ் நின்றபோது, தேயிலைத் தோட்டத்துப் பெண் ஒருத்தி மடியிலிருந்த குழந்தைக்கு அதே மெட்டை முணுமுணுத்தாள். உண்மையைச் சொன்னால், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மறுநாளே விழாச் செயலாளரிடம் சொன்னேன். அவர் உன்னைக் கூப்பிட்டு, "இது தோட்டத்துக்காரங்க பாட்டுன்னு கேள்விப்பட்டேன். செரியா?" என்றார். நீ வாய் திறக்கவில்லை. நோட்டீசில் உன் பெயருக்குப் பதில் 'பழைய மெட்டு' என்று அச்சாயிற்று. விழா முடியும்வரை திரைக்குப் பின்னால் நின்று குழந்தைகளுக்கு அடியெடுத்துக் கொடுத்தாய்.

உன் மௌனம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு ஞாயிறன்று வித்துராச் சந்தையில் அந்தத் தோட்டத்துப் பெண்ணைத் தேடிப் பிடித்து, அது பழைய பாட்டா என்று கேட்டேன்.

"பழைய பாட்டா? யாரு சொன்னது அக்கா? எங்க பெரியம்மா மவ போட்டதுல்லா! லயத்துலதான் பொறந்தா. இப்ப டவுன்ல டைப் அடிக்கா. மாசம் ஒருக்கா வந்து பிள்ளையளுக்குச் சொனைநாட்டுக் கதை சொல்லுவா."

அப்போதுதான் புரிந்தது. மெட்டு உன்னுடையது என்று காட்ட, தோட்டக் கூலிகளின் வரிசை வீடான லயத்தில் பிறந்ததை நீ எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கவேண்டும். எங்கள் அக்ரகாரத்து வீட்டு அடுக்களைவரை வந்து சாப்பிட்டவள் நீ. அதற்குப் பிறகு என் அம்மா உன்னை எங்கே உட்கார வைத்திருப்பாள் என்று உனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை உன் மேஜைக்கு வந்தேன். "அந்த மெட்டு உன்னோடதுதான். எனக்குத் தெரியும்."

உன் விரல்கள் நின்றன. "ஆரு சொன்னா?"

"ஆரும் சொல்லலை. தோணித்து."

"செயலாளர்ட்ட போய்ச் சொன்னது ஆருன்னு தெரியுமா?"

"தெரியாது."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகும் வருஷக்கணக்கில் பழகினோம். என் கல்யாணத்தில் பந்தி பரிமாறினாய். ஆனால் நீ முணுமுணுத்துக்கொண்டிருக்கும்போது நான் உள்ளே வந்தால் பாட்டு நின்றுவிடும்.

போன மாதம் நீ கண்ணை மூடிவிட்டாய். உன் மெட்டைப் பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். யார் போட்டது என்று கேட்டால் உன் பெயரைச் சொல்கிறேன். ஊர் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறேன். நீ சொல்லாததை நான் சொல்லக்கூடாது.

செயலாளரிடம் போய்ச் சொன்னவள் நான்தான்டீ. உனக்கு அது தெரிந்திருந்ததா என்பதுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை.