அல்பத்துக்குள் என் குரல்

செவ்வாய், இஷா தொழுத பிறகு

ஆலங்குடாவில் தியானம் செய்யும் வெள்ளைக்காரர்களின் மடத்தில் ஆறு மாதமாகச் சமைக்கிறேன். மடம் என்றால் விடமாட்டார்; ஏதோ லொட்ஜில் வேலை என்றுதான் வீட்டில் இவரிடம் சொல்லியிருக்கிறேன்.

அவர்கள் எல்லோரும் சேர்ந்து கிற்றார் அடித்து ஒரு பாட்டு அல்பம் செய்திருக்கிறார்கள். இன்று பகல் அதைக் கூடத்தில் போட்டார்கள். தலையைச் சுற்றவைக்கும் அந்த இரைச்சலுக்குள் திடீரென்று என் குரல் கேட்டது. மௌத்தாகி மண்ணுக்குள் போன என் மகன் அஸ்லமின் தாலாட்டு அது. மீன் கழுவும்போது, யாரும் இல்லை என்று நினைத்துப் பாடியதை யாரோ ஒளித்துப் பதிந்திருக்கிறார்கள். அவன் பெயரை மட்டும் கிணற்றுக்குள் இருந்து கூப்பிடுவதுபோல இழுத்து இழுத்து வைத்திருந்தார்கள்.

"அத எடுத்துடுங்க," என்று மடத்தைப் பார்த்துக்கொள்ளும் நிர்மலாவிடம் கெஞ்சினேன்.

"போன கிழமையே நெட்டுல போட்டாச்சு ராத்தா. இனி ஏலாது."

மஃரிப் தொழுகைக்குப் பிறகு, மீன்பிடிக்கப் போயிருந்த இவர் கடலால் வந்தார். சோற்றைத் தொடவில்லை.

"துறையில ஒருத்தன் போன்ல பாட்டொண்டு போட்டான். அதுல ஒரு பொம்புள நம்மட அஸ்லம்ட பேரச் சொல்லிக் கூப்புடுறா."

என் முகத்தையே பார்த்தார். தண்ணீர் எடுக்கப் போவதுபோல எழுந்துவிட்டேன்.

இப்போது அடுத்த அறையில் அவர் போனில் என் குரல் கேட்கிறது. மூன்றாவது தடவையாகப் போடுகிறார்.