பரிமளா அறைக்குப் பச்சை

அன்பு மகள் பரிமளாவுக்கு, திண்டிவனத்திலிருந்து அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் குட்டியும் டொரண்டோவில் சுகமாக இருக்க ஆண்டவனை வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் உன் முகத்தைப் பார்த்தால் எனக்குக் கோபம் வராது, அதனால்தான்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான், ஆவணியில் வருகிறேன், விழுப்புரத்தில் மாமியார் வளைகாப்பு முடித்ததும் நம் வீட்டுக்கு வந்துவிடுவேன் என்று நீதான் சொன்னாய். அதற்காகத்தான் உன் அறைக்குப் பெயிண்ட் அடிக்க அப்பாதுரையைக் கூப்பிட்டேன். அவர் ஜன்னல் பக்கத்துச் சுவரில் மஞ்சள், ரோஸ், பச்சை என்று மூன்று கலரையும் ஒரு முழ அகலத்துக்குத் தீற்றிவிட்டு, காஞ்சா ஒரு ஷேடு ஏறும், வெயில்லயும் பாருங்க, லைட்டு போட்டும் பாருங்க என்று சொல்லிப் போனார். உனக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட நான் இவ்வளவு யோசிக்கவில்லை. மஞ்சள் லட்சணம்தான், ஆனால் சாயங்கால வெயில் விழுந்தால் அறையே மஞ்சளாகிவிடுகிறது, பிறந்த பிள்ளைக்குக் காமாலை கண்டால் எப்படித் தெரியும் என்று வேண்டாம் என்றேன். நீயும் ஆமாம்மா என்றாய். ரோஸ் கலரைப் பார்த்து அப்பா, நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கிற மருந்து மாதிரி இருக்குது என்றார். பச்சை பகலில் வெள்ளரிப் பிஞ்சு மாதிரி குளிர்ச்சியாக இருந்தது, டியூப் லைட்டில் ஆஸ்பத்திரி வார்டு மாதிரி ஆகிவிட்டது. போட்டோ எடுத்து அனுப்பினேன். பச்சையே போதும்மா, இன்னும் கொஞ்சம் லைட்டா பாரு என்று பதில் போட்டாய். தூளிக்குக் கொக்கி மாட்டத் துளை போடட்டுமா என்று அப்பாதுரை கேட்டதற்கு, பெண் மாசமாக இருக்கும்போது வீட்டில் ஆணிகூட அடிக்கக் கூடாது, அவள் பெற்றெழுந்த பிறகு பார்க்கலாம் என்று தடுத்துவிட்டேன்.

நீ சொன்ன லேசான பச்சை இங்கே கடையில் சரியாக வரவில்லை என்று போன வெள்ளிக்கிழமை விழுப்புரம் போய்க் கலந்து வாங்கினேன். வந்ததுதான் வந்தோம், வளைகாப்புக்கு நாள் பேசிவிடலாம் என்று உன் மாமியார் வீட்டுக்குப் போனேன். ராஜாமணியம்மா கூடத்தில் பெரிய பெட்டியைத் திறந்துவைத்து, பிரசவ மருந்துக்குச் சுக்கும் திப்பிலியும் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். வாங்க சம்பந்தி, நானே உங்களக் கேக்கணும்னு இருந்தேன், பரிமளாவுக்கு ஓமம் ஒத்துக்குமா, டாக்டரு அங்கயே பெத்துக்கச் சொல்லிட்டாராமே, எனக்கு டிக்கெட்டும் போட்டுட்டாங்க, ஆடி கழிச்சுக் கெளம்பறேன் என்றார். எனக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் பேசினார், அவர் மேல் தப்பில்லை. நானும் தெரிந்தவள் மாதிரி தலையாட்டி, ஓமம் ஒத்துக்கும் என்று சொன்னேன். கையில் என்ன டப்பா என்று கேட்டதற்கு, சும்மா வீட்டுக்குப் பெயிண்ட் என்றேன். பஸ்ஸில் திண்டிவனம் வரும்வரை அழுதுகொண்டே வந்தேன்டி, பக்கத்து சீட்டு அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னால் அவருக்கு அதிர்ச்சியே இல்லை. நீ சந்தோஷமா கலர் பாத்துக்கினு இருந்த, எப்படிச் சொல்றதுன்னு தெரியல என்கிறார். எனக்கு முட்டிவலி, அந்தக் குளிர் தாங்காது என்று என்னை அங்கே அழைக்க வேண்டாம் என்று நீயும் அவருமே முடிவு செய்துகொண்டீர்களாம். உன் மாமியாருக்குச் சர்க்கரை இருக்கிறது, அது யாருக்கும் நினைவில்லை போலும். நம்பவைத்துக் கழுத்தை அறுப்பது என்பார்களே, அதைத்தான் அப்பனும் மகளும் செய்திருக்கிறீர்கள். டாக்டர் சொன்னால் கேட்க வேண்டியதுதான். வர முடியவில்லை அம்மா என்று நேராகச் சொல்லியிருந்தால் ஒரு நாள் அழுதுவிட்டு, மறுநாள் நானே மருந்து இடித்து ராஜாமணியம்மாவிடம் கொடுத்திருப்பேன். வரப்போவதில்லை என்று தெரிந்துகொண்டே, இன்னும் கொஞ்சம் லைட்டா பாரும்மா என்று எழுத உனக்கு எப்படி மனசு வந்தது? அழுகிற பிள்ளைக்குச் சொப்பு கொடுத்து உட்காரவைக்கிற மாதிரி எனக்குக் கலர் கொடுத்து உட்காரவைத்தீர்களா? அப்பாதுரை வந்து, அடிக்கட்டுங்களா என்று கேட்டார். இப்போது வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். அப்பாவுக்குச் சோறு போடுகிறேன், பேசுவதில்லை.

பெத்த மனம் பித்து, கோபத்திலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இடது பக்கம் ஒருக்களித்துப் படு. குளிர் வந்துவிட்டால் தனியாக வெளியே நடக்காதே. மாமியாரை அதிகம் வேலை வாங்காதே. பெருமாள் புண்ணியத்தில் நல்லபடியாக இரண்டு உயிராகப் பிரிந்து, நீயும் பிள்ளையும் நூறு வயது இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே. வலி எடுத்தால் எனக்குச் சொல், எந்த நேரமானாலும் சொல். என்ன பிள்ளை என்பதை உன் வாயால் நான் கேட்க வேண்டும். அதையாவது அடுத்தவர் வாயால் கேட்கவைக்காதே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
வடிவு