மூன்று முளை, இரண்டு கம்பி

அனுப்புநர்:
தையல் கடைக்காரர்,
பேருந்து நிலையப் பின்தெரு.

பெறுநர்:
மின் ஆய்வாளர் அவர்கள்,
மின் ஆய்வாளர் அலுவலகம்.

பொருள்: எர்த் கம்பி இல்லாத மின்வயர்களை விற்பனையிலிருந்து அகற்றவும், என் மனைவியின் விபத்து அறிக்கையில் ஒரு வரியைத் திருத்தவும் வேண்டி.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மனைவி கடையில் பட்டன் தைத்து, துணி தேய்த்துக் கொடுப்பவள். இஸ்திரிப் பெட்டியின் பழைய வயர் கருகிப்போனதால் இரு முனையும் அடைத்து வந்த புது வயரை நானே வாங்கி மாட்டினேன். பிளக்கில் மூன்று முளைகளும் கெட்டியாக இருந்தன. அதைப் பார்த்தே நம்பினேன்.

2. மறுநாளே, "பெட்டி சுர்ருன்னு இழுக்குதுங்க" என்றாள். "செருப்பை மாட்டிக்கிட்டுத் தேய்" என்றேன். எங்கள் தெருவில் எல்லாரும் சொல்லும் வைத்தியம் அதுதான். "பொண்டாட்டியைவிட செருப்புக்கு மரியாதை குடுக்குற கடை இது ஒண்ணுதான்" என்று கேலி செய்தாள். நான் சிரித்தேன் ஐயா.

3. சம்பவத்தன்று சாரல் அடித்துக் கடைக்குள் தண்ணீர் வந்தது. செருப்பை வாசலில் விட்டுத் தரையைத் துடைத்தாள். வாடிக்கையாளர் அவசரப்படுத்தவே, ஈரக்காலோடு பெட்டியைத் தொட்டாள். வெட்டுப் பலகையிலிருந்து எழுந்து நான் சுவிட்சை அணைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

4. பிறகு எலக்ட்ரீஷியன் அந்த வயரை அறுத்துக் காட்டினார். உள்ளே இரண்டே கம்பிகள். பெட்டியில் கசியும் மின்சாரத்தை மண்ணுக்கு இறக்க வேண்டிய எர்த் கம்பி வைக்கப்படவே இல்லை. மூன்றாவது முளை எதனோடும் சேரவில்லை. சட்டைக்குப் பை மூடியைத் தைத்துவிட்டுப் பையை வைக்காமல் விட்டதுபோல. நான் அப்படித் தைத்தால் முகத்தில் எறிவார்கள். அதே வயர் இன்றும் நான் வாங்கிய கடையில் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. விற்பவரிடம் முறையிட்டேன். "செருப்பு போட்டுக்கிட்டா ஒண்ணும் ஆகாதுண்ணே" என்றார். நான் அவளிடம் சொன்னதும் அதுதானே.

5. தங்கள் அலுவலக அறிக்கை, "இறந்தவர் காலணி அணியாத கவனக்குறைவே காரணம்" என்கிறது. அதை யாரோ வாசிக்கக் கேட்ட என் ஏழு வயது மகள், அன்று முதல் செருப்பைக் கழற்றுவதில்லை. பாயில்கூட அதோடுதான் படுக்கிறாள். "அம்மா சொல்பேச்சு கேக்கலையாப்பா?" என்று கேட்கிறாள்.

ஆகவே அந்த வயர்களைப் பறிமுதல் செய்யுமாறும், காரணம் என்ற இடத்தில் எர்த் கம்பி இல்லாததை எழுதுமாறும் பணிவுடன் வேண்டுகிறேன். கவனக்குறைவு என்ற சொல் இருந்தே ஆகவேண்டும் என்றால், அதற்கு நேரே என்னைப் போடுங்கள். திருத்திய அறிக்கையை என் மகளுக்கு நானே வாசித்துக் காட்ட வேண்டும்.

நாள்: அவள் போன நாற்பத்தொன்றாம் நாள்
இடம்: தையல் கடை

இப்படிக்கு,
(கையொப்பம்)
வயரை வாங்கி மாட்டியவன்