பள்ளி திறந்தாகிவிட்டது, பானு

காரிமங்கலம்
ஜூன் 5

அன்புள்ள பானுவுக்கு,

ஐந்து வருஷம் பக்கத்து மேசையில் இருந்தவளுக்குக் கடிதம் எழுதுவது எனக்கே சிரிப்பாக இருக்கிறது. என்ன செய்வது, நீ போன் எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒற்றை டிக்கோடு நின்றுவிடுகிறது. தபால்காரர் வாசலில் வந்து கூப்பிட்டால் வாங்கித்தானே ஆக வேண்டும் என்று இந்த வழியைப் பிடித்தேன். நீயும் குட்டிப் பாப்பா எழிலியும் அம்மாவும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் நலம், என் முழங்கால் தவிர.

பள்ளி திறந்து நான்கு நாள் ஆகிறது. முதலில் நல்ல செய்தி. நம் சிறப்புக் கல்வி மையம் கீழ்த்தளத்துக்கு வந்துவிட்டது. மூன்று வருஷமாக நீதான் மனு எழுதினாய். நடக்க முடியாத பத்து வயதுப் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு அம்மாக்கள் இருபத்திரண்டு படி ஏறுகிறார்கள் என்று படிகளை எண்ணி எழுதினாயே, அந்த மனுவை அதிகாரி மீட்டிங்கில் வாசித்துக் காட்டினார். மே மாதமே சாமான்களை இறக்கிவிட்டோம். பொம்மை அலமாரியைத் திறந்தால் உள்ளே குளவிக்கூடு. சென்னம்மாள் ஆயா துடைப்பத்தோடு போன வேகத்தில் திரும்பி வந்தார். மூக்கு வீங்கி இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

விக்டருக்கு இயன்முறை மருத்துவம் தவிர ஓவியமும் வரும் என்று யாரோ சொல்லிக் கெடுத்துவிட்டார்கள். புதுச் சுவரில் ஒட்டகச்சிவிங்கி வரைந்தான். கழுத்துக்கு இடம் போதவில்லை. பிள்ளைகள் அதை ஆடு என்கிறார்கள். அவனும் விட்டுக்கொடுத்துத் தாடி வரைந்துவிட்டான்.

பேச்சுப் பயிற்சிக்கு ஆள் இன்னும் போடவில்லை. மருத்துவ முகாம் ஆகஸ்டில் இருக்கும் என்கிறார்கள். உன் ஆறு பள்ளிகளையும் தற்காலிகமாக என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். உன் மேசையை யாருக்கும் கொடுக்கவில்லை. விக்டர் ஹெல்மெட்டை அதன்மேல் வைப்பான், நான் எடுத்துக் கீழே வைப்பேன்.

இப்போது நீ கேட்க நினைப்பதைச் சொல்கிறேன். அனிஷா பள்ளிக்கு வந்துவிட்டாள்.

திறப்பு நாள் அன்று காலை ஒன்பது மணிக்கு நான் அவள் ஊர்ப் பள்ளிக்குப் போனால், மதலேனம்மாள் மகள் கையைப் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் கேட்டருகே நிற்கிறாள். அனிஷாவுக்கு இரண்டு அளவு பெரிய சீருடை. இரட்டைச் சடை, பவுடர், ரிப்பன். எனக்கு உன் பழைய வியாழக்கிழமைகள் நினைவுக்கு வந்தன. நாற்பத்து மூன்று வயதில் பிறந்த பெண், அதுவும் டவுன் சிண்ட்ரோம் என்று ஊர் பேசுமென்று அந்த அம்மாள் பிள்ளையை உள்ளேயே வைத்திருந்தாளே. நீ போகும்போதெல்லாம் “புள்ள தூங்குதுங்க டீச்சர்” என்று கதவிடுக்கிலிருந்து சொல்லி அனுப்பினாளே. மூன்று மாதம் அந்த வேப்பமரத்தடியில் ஸ்கூட்டியிலேயே உட்கார்ந்து, எழுந்ததும் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று சாதித்தாய். அந்த வீட்டிலிருந்துதான் இந்த இரட்டைச் சடை வந்திருக்கிறது.

தலைமை ஆசிரியர் நல்ல மனிதர்தான். ஆனால் பயந்துவிட்டார். “மேடம், பேரு பதிவேட்ல இருக்கட்டுங்க, புள்ள வூட்லயே இருக்கட்டும். எழுவது பேருக்கு நாங்க ரெண்டே பேரு. கேட்டத் தாண்டி ரோட்டுக்கு ஓடிட்டா யாருங்க பதில் சொல்றது?” என்றார். நான் சட்டத்தை எடுத்துப் பேசலாம் என்று தொண்டையைச் செருமினேன். அதற்குள் மதலேனம்மாள் ஆரம்பித்துவிட்டாள்.

“சார், எம் பையனுங்க மூணு பேரும் இதே கேட்டத் தாண்டி ஓடினவனுங்கதான். பெரியவன் ஓடினப்ப நீங்கதான் சைக்கிள்ல தொரத்திப் புடிச்சீங்க. அவனுங்கள வேணாமின்னு சொன்னீங்களா?”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு மாதம் பார்க்கலாம், சரிப்படவில்லை என்றால் வீட்டுவழிக் கல்விக்கே எழுதிவிடுவேன் என்று சொல்லியிருக்கிறார். வயதுக்கேற்ப நான்காம் வகுப்பில் உட்கார வைத்தோம். மதலேனம்மாள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “பானு டீச்சர் எங்கீங்க?” என்பதுதான். குழந்தை பிறந்து அம்மா வீட்டில் இருக்கிறாள் என்றேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் உன் வீட்டுக்காரர் நவநீதன் மையத்துக்கு வந்திருந்தார். ஜூலை முடிய விடுப்பு வேண்டும் என்ற உன் கடிதத்தைக் கொடுத்தார். எழிலி என்று பேர் வைத்ததைச் சொன்னார். அழகான பேர். சென்னம்மாள் ஆயா, “போட்டோ காட்டுங்க தம்பி” என்று கேட்க, போனில் சார்ஜ் இல்லை என்றார். சொல்லி வாய் மூடவில்லை, சட்டைப்பையில் போன் அடித்தது. நாங்கள் எல்லோரும் விக்டரின் ஆட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவரை டீ குடிக்கச் சொன்னேன். குடிக்காமல் போய்விட்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடாவிட்டாலும் எழுதுவேன்.

உன்
சுகுணா அக்கா


காரிமங்கலம்
ஜூன் 19

அன்புள்ள பானு,

பதில் வரவில்லை. போகட்டும். எனக்கு எழுத நிறைய இருக்கிறது.

அனிஷா செய்தி அவ்வளவு சொல்லிக்கொள்ளும்படி இல்லை. வகுப்பில் பத்து நிமிஷம்தான் உட்காருகிறாள். அப்புறம் எழுந்து நேரே சத்துணவு சமையலறைக்குப் போய் முட்டை அவிக்கும் அண்டா பக்கத்தில் நின்றுகொள்கிறாள். போன வாரம் ஒரு பெண்ணின் தட்டிலிருந்த முட்டையை எடுத்துத் தின்றுவிட்டாள். அந்தப் பெண்ணின் அம்மா வந்து சத்தம் போட்டிருக்கிறார். மதலேனம்மாள் அவரோடு சண்டைக்குப் போகாமல், மறுநாள் வீட்டிலிருந்து நான்கு முட்டை அவித்து எடுத்துப் போய் அந்தப் பெண்ணுக்கே கொடுத்துவிட்டு வந்தாளாம். அனிஷா ஒரு தடவை கேட் வரைக்கும் போய்விட்டாள். பிடித்துவிட்டார்கள். தலைமை ஆசிரியர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் காலண்டரைப் பார்க்கிறார்.

நீ இருந்திருந்தால் என்ன செய்வாய் என்று யோசித்தேன். உன் பழைய குறிப்பு நோட்டைப் புரட்டினேன். “அனிஷாவுக்கு எழுத்தைவிட முகம் சீக்கிரம் பிடிபடும். ஒருமுறை பார்த்த ஆளை மறக்க மாட்டாள்” என்று எழுதி அடிக்கோடிட்டிருக்கிறாய். அதை வைத்து ஒன்று செய்து பார்த்தேன். தினம் காலையில் வருகை எடுக்கும்போது அவளையும் கூட வைத்துக்கொள்ளச் சொன்னேன். தலைமை ஆசிரியர் சரி என்று சொல்லவும் இல்லை, முடியாது என்று சொல்லவும் இல்லை.

உன்னிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மதலேனம்மாள் உன் அம்மா வீட்டு விலாசத்தைக் கேட்டாள். தோட்டத்து மாம்பழம் கொண்டுபோய்க் கொடுத்து, மகள் பள்ளிக்குப் போவதைத் தன் வாயால் உனக்குச் சொல்ல வேண்டுமாம். நான் முதலில் மழுப்பினேன். “நீங்க சொல்லாட்டி தீர்த்தமலைல எறங்கி ஒவ்வொரு வூடா கேட்டுக்குவேன்” என்றாள். கொடுத்துவிட்டேன். திட்டுவதானால் என்னைத் திட்டு. திட்டுவதற்காகவாவது போனை எடு.

உன்
சுகுணா அக்கா


காரிமங்கலம்
ஜூலை 6

அன்புள்ள பானுவுக்கு,

மதலேனம்மாள் நேற்று மையத்துக்கு வந்தாள். உங்கள் வீட்டில் நடந்தது உனக்குத் தெரியும். அவள் அதை எப்படிச் சொன்னாள் என்பது உனக்குத் தெரியாதே, அதை எழுதுகிறேன்.

பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்கள் மலைக்கோயிலுக்குப் போகிறவர்களாம். அவளும் தீர்த்தமாடத்தான் வருகிறாளா என்று கேட்டார்களாம். கழுத்தில் சிலுவையைக் காட்டி, “இல்லீங்க, டீச்சரப் பாக்கப் போறேன்” என்றாளாம். உங்கள் வீட்டு வாசலில் போய் நின்றால் அம்மா வெளியே வந்து, பாப்பா தூங்குகிறது, பானுவுக்கும் உடம்பு சரியில்லை, இன்னொரு நாள் வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். சென்னம்மாள் ஆயா கொடுத்த டீயைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமலே இதைச் சொன்னாள். “பாப்பா தூங்குதுன்னு சொன்ன ஒடனே எனக்குத் தெரிஞ்சுபோச்சுங்க மேடம். ஒரு காலத்துல நானும் அதயேதான் சொன்னேன். மாம்பழப் பைய கீழ வெச்சிட்டு, எந்திரிச்சதும் பாத்துட்டுப் போறேனுங்கன்னு அங்கயே உக்காந்துட்டேன்.”

ஒன்றரை மணி நேரம் கழித்து நீயே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாயாம். அப்புறம் சொன்னதுதான் எனக்கு மறக்காது. “எங்க அனிஷா கைக்கொழந்தைல எப்படி இருந்தாளோ அப்படியே இருக்குதுங்க. அதே கண்ணு, அதே குட்டி மூக்கு. டீச்சர் என் மடில வெச்சதும் வெரலப் புடிச்சுக்கிட்டு வுடவே இல்ல.” இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் துக்கமே இல்லை, பானு. சொந்தக்காரர் வீட்டுக் குழந்தையைப் பார்த்துவிட்டு வந்தவள் மாதிரி இருந்தாள்.

நீ அழுததையும் சொன்னாள். “எவ்வளவு லேசாப் பேசிட்டேங்க உங்ககிட்ட, எனக்கு வந்தப்பத்தான் தெரியுது” என்று நீ சொன்னாயாம். அதற்குத் தான் சொன்ன பதிலை என்னிடம் இரண்டு தடவை சொன்னாள், சரியாகச் சொன்னேனா என்று கேட்டுக்கொண்டு. “நீங்க லேசாப் பேசினதாலதானுங்க நான் கதவத் தொறந்தேன். நீங்களும் கூட ஒக்காந்து அழுதிருந்தா ரெண்டு பேரும் இன்னும் அழுதுட்டேதான் இருந்திருப்போம்.”

சரியாகத்தான் சொன்னாய் என்றேன். விக்டர் ஏதோ தேடுகிற மாதிரி வெளியே போய்விட்டான். சென்னம்மாள் ஆயா மட்டும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “பேரப்புள்ளைக்கு நான் ஒரு வசம்பு வளையல் கட்டி வெச்சிருக்கேன், எப்பத் தரது?” என்று என்னைக் கேட்டார்.

நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். நவநீதனின் போன் அடித்த அன்றே எனக்கு ஏதோ புரிந்தது. மறுநாளே பஸ் ஏறியிருக்க வேண்டும். இருபது வருஷமாக எத்தனையோ அம்மாக்களிடம் பேசியவள், உன்னிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் ஒட்டகச்சிவிங்கியைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். எழுத்துப் படிக்காத மதலேனம்மாளுக்குத் தெரிந்திருக்கிறது, போய் உட்கார்ந்தால் போதும் என்று.

இனி அனிஷாவின் ஒரு மாதக் கதை. போன புதன்கிழமையோடு கெடு தீர்ந்தது. செவ்வாய்க்கிழமை அவளுக்குக் காய்ச்சல், பள்ளிக்குப் போகவில்லை. காலை ஒன்பதே முக்காலுக்குத் தலைமை ஆசிரியர் எனக்குப் போன் செய்கிறார். நான் பயந்துகொண்டே எடுத்தேன். “என்னங்க மேடம், இன்னிக்கு அனிஷா வரல? எவன் வந்திருக்கான், எவன் வரலன்னு எனக்கு ஒண்ணுமே வெளங்கல. அவ இருந்தா வரிசையப் பாத்ததும் சொல்லிடுவா” என்கிறார். மாதம் முழுக்க எழுபது பிள்ளைகளின் முகத்தையும் பார்த்து, வராதவர்கள் இடத்தைக் கையால் காட்டிக் காட்டி அவரைப் பழக்கிவிட்டாள். எந்தப் பிள்ளையின் பேர் தன் நாக்கில் புரளவில்லையோ அதற்கு அவளே ஒரு பேர் வைத்திருக்கிறாளாம். உங்களுக்கு என்ன பேர் என்று அவரிடம் கேட்டேன். “தாத்தா”வாம். அவருக்கு இன்னும் ஓய்வுக்கு எட்டு வருஷம் இருக்கிறது. கெடுவைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. முட்டைப் பிரச்சினை தீரவில்லை. அது மெதுவாகத் தீரட்டும்.

எழிலிக்கு இதயப் பரிசோதனை செய்தாயா? அனிஷா மாதிரிக் குழந்தைகளின் அம்மாக்களுக்கு நீயே சொல்வதுதான், உனக்கு நான் நினைவுபடுத்துகிறேன். செய்யவில்லை என்றால் நாளைத் தள்ளாதே. தருமபுரிக்கு வா, நானும் கூட வருகிறேன். காத்திருக்கும் நேரத்தில் பேச எனக்கு விஷயம் குறையாது.

புதன்கிழமைகளில் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கீழ்த்தள அறையில் பயிற்சி ஆரம்பித்திருக்கிறோம். ஐந்து குழந்தைகள் வருகிறார்கள். புதுப் பாய் விரித்திருக்கிறோம். குப்புறப் படுத்துத் தலை தூக்க விக்டர் கிலுகிலுப்பை ஆட்டுகிற அழகை நீ பார்க்க வேண்டும். அம்மாக்கள் சுற்றி உட்கார்ந்து சிரிக்கிறார்கள். அந்த அறைக்கு நீ எப்படி வேண்டுமானாலும் வரலாம், பானு. விடுப்பு முடிந்து டீச்சராக வந்தாலும் சரி, அதற்கு முன்னால் ஒரு புதன்கிழமை குழந்தையோடு வந்து மற்ற அம்மாக்களோடு பாயில் உட்கார்ந்தாலும் சரி. எது முதலில் முடிகிறதோ அதைச் செய். யாரும் உன்னைக் கேள்வி கேட்க மாட்டோம். ஆயா மட்டும் கேட்பார், அவரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

எழிலிக்கு என் முத்தம். அவள் வயிறு நிறையப் பால் குடித்து, வாய் நிறையச் சிரித்து, ஊர் கண்ணில் எல்லாம் விழுந்து வளரட்டும். வரும் அன்று பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார். துண்டைப் போட்டு அவள் முகத்தை மூடாதே, ஆடி பிறக்கப்போகிறது, வெயில் அவ்வளவு இல்லை.

உன்
சுகுணா அக்கா